நூறு வாட் பல்பும் அருள்மேரி டீச்சரும்

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. நான் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நிலக்கோட்டை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். ஆசிரியர் குழுவில் ஒருவர் எரியும் மெழுகுவத்தியும் ரோஜாப்பூவுமாக ஒரு படத்தைப் போட்டு, நம் அருள்மேரி டீச்சர் காலமானார் என்று எழுதியிருந்தார். அடுத்த நிமிடமே இரங்கல்கள் வரிசை கட்டின. முதலில் எழுதியவர் விட்ட பிழை கடைசி ஆள் வரைக்கும் அப்படியே இருந்தது. ஒருவர்கூடத் தன் விரலால் ஒரு சொல் எழுதவில்லை, எல்லாரும் அழுத்திப் பிடித்து நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு புண்ணியவான் அகவிலைப்படி உயர்வு பற்றிய செய்தியைப் போட, அதற்கு விழுந்த கைதட்டல் படங்கள் இரங்கலை மேலே தள்ளிக்கொண்டு போயின. எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. வந்த வண்டியை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சரை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்பதால் அறிமுகம் சுருக்கமாகவே போதும். எங்கள் மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் மின்னியல் பாடம் எடுத்தவர். நான் அங்கே வணிகவியல் ஆசிரியன். என் வகுப்பறைக்கும் அவருடைய ஆய்வகத்துக்கும் நடுவே ஒரு சுவர். அவர் போடுகிற சத்தத்துக்கு அந்தச் சுவர் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். "ச்சீ! கூச்சமா இல்ல?" என்ற குரல் கேட்டால், எவனோ மீட்டரைப் பார்க்காமல் ரீடிங் எழுதிவிட்டான் என்று என் வகுப்புப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

டீச்சர் வீட்டுக்குப் போனபோது உச்சிவெயில். உடலைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். பெட்டியின் மோட்டார் முக்கி முக்கிக் கிளம்புவதும் நிற்பதுமாக இருந்தது. வாசலில் டீச்சரின் பழைய மாணவர்கள் ஒரு கூட்டமாக நின்றார்கள், அவர்களில் பாதிப் பேர் மின்சாரத்தை வைத்துப் பிழைப்பவர்கள். எல்லாரும் பிளெக்ஸ் எந்த அளவில் அடிப்பது, அதில் யார் படம் எந்த மூலையில் வருவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெட்டி கொண்டுவந்த ஆளிடம் கேட்டேன்.

"புதுப் பெட்டிதாண்ணே. என்ன எழவோ, இழுக்க மாட்டேங்குது" என்றார் அவர்.

"வோல்டேஜ் பாத்தீங்களா?"

"கரெண்டு இருக்குல்ல, லைட்டு எரியுதே."

டீச்சரின் தங்கை உள்ளே இருந்து எழுந்து வந்தார். "எங்கக்கா இருந்திருந்தா இந்நேரம் மீட்டரத் தூக்கிட்டு வந்திருக்கும் சார். இம்புட்டுப் பேரு நிக்கிறாக, ஒருத்தருக்கும் தோணல பாத்தீகளா" என்றார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஸ்டெபிலைசரை வாங்கி மாட்டிய பிறகுதான் பெட்டி சீராக ஓடியது. அதற்குள் பிளெக்ஸுக்கு வாசகம் முடிவாகிவிட்டது.

எங்கள் பக்கத்து மின்சாரம் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரம் விடுகிற நேரத்தில் சுற்று வட்டாரத்துக் கிணறுகள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும். பள்ளி இருப்பது லைனின் கடைசியில். புத்தகம் இருநூற்று முப்பது வோல்ட் என்று சொல்லும், எங்களுக்கு வந்து சேருவது நூற்று எண்பதோ அதற்கும் கீழோ. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். மின்விசிறி சோம்பிச் சுற்றுவதைப் பார்த்தே, மோட்டார் விட்டாச்சு என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் தாளில் எழுதும்போது மட்டும் எல்லாருக்கும் இருநூற்று முப்பதுதான்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் டீச்சர். ஒருமுறை நான் வெந்நீர் போடுவதற்கு ஹீட்டர் ஒன்று வாங்கினேன். இரண்டாயிரம் வாட் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தண்ணீரோ சூடாவேனா என்றது. கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்து, இடைவேளையில் டீயோடு புலம்பினேன். டீச்சர் என் கையில் இருந்த சாக்பீஸை வாங்கி மேசை மேலேயே எழுதினார். வோல்ட் என்பது தள்ளுகிற தள்ளு, ஆம்பியர் என்பது ஓடுகிற அளவு. தள்ளை ஓட்டத்தால் வகுத்தால் மின்தடை. தள்ளையும் ஓட்டத்தையும் பெருக்கினால் வாட், அதாவது திறன். என் ஹீட்டரின் தடை ஏறக்குறைய இருபத்தாறு ஓம். இருநூற்று முப்பது வோல்ட் வந்தால் ஒன்பது ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக ஓடும், பெருக்கினால் இரண்டாயிரம் வாட். நூற்று எண்பது வந்தால் ஏழு ஆம்பியரைத் தொடாது, பெருக்கினால் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம்தான்.

"தள்ளும் கொறஞ்சு போச்சு, அதால ஓட்டமும் கொறஞ்சு போச்சு. ரெண்டு பக்கமும் அடி சார்" என்றார். "அட்டையில இருக்கது கடைக்காரனோட ஆசை. மீட்டர்ல இருக்கதுதான் உங்க வீட்டு நெசம். பாவம், அந்த ஆளப் போயி வஞ்சிருக்கீக." நான் மறுநாள் கடைக்காரரைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வேறு தெரு வழியாகப் போனேன்.

அவருடைய ஆய்வகத்து பல்புகளுக்குப் பெயர் கிடையாது. கண்ணாடியின் தலையில் அச்சடித்திருக்கும் வாட், வோல்ட் எல்லாவற்றையும் சாம்பல் தொட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து அழித்துவிடுவார். பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்காது. வோல்ட் மீட்டரைப் பார்க்க வேண்டும், அம்மீட்டரைப் பார்க்க வேண்டும், வகுக்க வேண்டும், பெருக்க வேண்டும். அவருக்கு முன்னால் இருந்த வழக்கம் வேறு. இருநூற்று முப்பது வோல்ட், புள்ளி நாற்பத்து மூன்று ஆம்பியர், ஐந்நூற்று முப்பத்தைந்து ஓம், தொண்ணூற்றொன்பது வாட் என்று ஒரு விடை, அண்ணன் தம்பிக்குச் சட்டை கொடுப்பதுபோல, ஒரு செட் பிள்ளைகளிடமிருந்து அடுத்த செட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பல்பு ஃப்யூஸ் போன வருடத்தில்கூட அதே விடைதான் எழுதியிருக்கிறார்கள். எரியாத பல்புக்குத் தொண்ணூற்றொன்பது வாட்! அதற்கு முழு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார்கள்.

செய்முறைத் தேர்வு எங்கள் பள்ளிகளில் நடக்கிற அழகு உங்களுக்கும் தெரியும். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அவருக்குப் பிரியாணி வரும், போகும்போது ஒரு பை மலைவாழைப்பழம் போகும். பிள்ளைகள் பாடத்தை ஓதுவதுபோல விடையை எழுதுவார்கள். ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் எல்லாரும் நல்லவர்களாக வீடு போய்ச் சேருவார்கள். டீச்சர் அந்தச் சாப்பாட்டுக்கு உட்காரவே மாட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்ச்சோற்றுக்கு ஊறுகாயே வெஞ்சனமாக, ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். ஏன் டீச்சர் இப்படி என்று கேட்டால், "அந்த இலையில கைய வச்சா எனக்கு ஓங்கரிக்குது சார்" என்பார், குமட்டுவதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு.

இனி நான் சொல்லப்போவது, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்முறைத் தேர்வு நாளில் நடந்தது. அன்று தாள்களை அடுக்கி உறையிலிட எனக்கு வேலை கொடுத்திருந்தார்கள், அதனால் எல்லாம் என் கண்முன்னே நடந்தன. அழுக்குப் பிடித்த பல்புகளைத் தேர்வாளர் பார்த்தால் பள்ளிக்கு மரியாதை இல்லை என்று தலைமையாசிரியர் முதல்நாளே புதிய பல்புகள் வாங்கி மாட்டிவிட்டார். ஒவ்வொன்றின் தலையிலும் நூறு வாட், இருநூற்று முப்பது வோல்ட் என்று பளிச்சென்று எழுதியிருந்தது. டீச்சர் காலையில் வந்து பார்த்தபோது தேய்க்க நேரம் இல்லை. பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள். பழைய விடைக்கு அந்தக் கணமே உயிர் வந்துவிட்டது. வரிசையாக எல்லாரும் இருநூற்று முப்பது என்று எழுதினார்கள். சுவரில் மின்விசிறி ஆடி அசைந்து சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு பெண் மட்டும் மீட்டரைப் பார்த்து எழுதினாள். பாண்டிச்செல்வி. நிலக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை. விடியற்காலையில் அம்மாவோடு மல்லிகை எடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறவள். இந்தப் பிரிவில் நல்ல மதிப்பெண் எடுத்தால் அரசு பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அது கிடைக்காவிட்டால் மறுபடி பூ எடுக்கத்தான் போக வேண்டும். அவள் எழுதியது இது: நூற்று எண்பது வோல்ட், புள்ளி முப்பத்தெட்டு ஆம்பியர், நானூற்று எழுபத்து நான்கு ஓம், அறுபத்தெட்டு வாட்.

தேர்வாளர் அவளைக் கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை, வேடிக்கையாகத்தான் கேட்டார்.

"என்னம்மா இது, பல்புல நூறுன்னு போட்டிருக்கு, நீ அறுபத்தெட்டுங்கிற. கம்பெனிக்காரன் பொய் சொல்றானா?"

"அவரு எரநூத்தி முப்பது வந்தா நூறுங்கிறாரு சார். இங்க நூத்தி எம்பதுதான வருது."

"சரி, தடை எல்லாருக்கும் ஐநூத்தி முப்பத்தஞ்சு வந்திருக்கு. உனக்கு மட்டும் எப்படிக் குறையும்?"

"பல்பு மங்கலா எரியுது சார். உள்ள கம்பி அம்புட்டு சூடாகல. சூடு கொறஞ்சா தடையும் கொறையும்னு மிஸ் சொல்லியிருக்காக."

அவர் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். டீச்சரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "சார், செத்த எந்திரிச்சு வந்து மீட்டரப் பாருங்க" என்றார். தேர்வாளர் எழுந்திருக்கவில்லை. மீட்டர் பழசாக இருக்கும் என்றார். வேறு மீட்டர் மாட்டுகிறேன் என்றார் டீச்சர். அதற்குள் தலைமையாசிரியர் வந்துவிட்டார். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னதை நான் மறக்கவே முடியாது.

"டீச்சர், இந்த ஒரு பேப்பர் சரின்னா மத்த பேப்பர் எல்லாம் தப்புன்னு ஆகுது. யோசிச்சீங்களா?"

தேர்வாளரும் கனிவாகவே பேசினார். "நான் யாருக்கும் கெடுதல் பண்ற ஆள் இல்ல. எல்லாருக்கும் முழு மார்க் போட்டாச்சு. இந்தப் பொண்ணும் அடிச்சுட்டு அதையே எழுதிட்டா இதுக்கும் போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன். பிள்ளை எதிர்காலம், பாத்துக்கோங்க."

இந்தக் கனிவு இருக்கிறதே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. அடிக்கிறவனைத் திட்டலாம். தலையைத் தடவிக்கொண்டே கழுத்தைப் பிடிக்கிறவனை என்ன செய்வது?

 டீச்சர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பாண்டிச்செல்வியின் முன்னால் வைத்தார். "அடிச்சுட்டு எழுதிரு பாண்டி" என்றார்.

"நீங்களா மிஸ் சொல்றீக?"

"எழுதிரு தாயி. உனக்கு மார்க்கு வேணும்ல."

அவள் தாளைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள். "நான் எழுதல மிஸ்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினாள். அவ்வளவுதான். தேர்வாளர் தோளைக் குலுக்கிவிட்டு அவளுக்குப் பாதிக்கும் கீழே ஒரு மதிப்பெண்ணைப் போட்டார். அந்த உறையை ஒட்டிக் கொடுத்தவன் நான். பிறகு எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

டீச்சர் குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "அவுகளப் பாத்தா இம்புட்டு நாளும் ஓங்கரிச்சுச்சு. இன்னைக்கு என்னையப் பாத்தே ஓங்கரிக்குது சார்" என்றார். அதற்குப் பிறகு பல வாரங்கள் அவர் மாதா கோயில் பூசைக்குப் போனாலும், பாவத்தோடு வாங்கக் கூடாது என்று நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போகவில்லை என்று அவர் தங்கை சொல்லித் தெரிந்துகொண்டேன். பாண்டிச்செல்விக்கு அந்த வருடம் பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்கவில்லை. டீச்சரும் நானும் அதைப் பற்றி மறுபடி பேசியதே இல்லை. அவர் ஓய்வு பெறும்வரை புது பல்பு வந்தால் முதல் வேலையாகச் சாம்பலைத் தேடுவார்.

இப்போது இரங்கல் கூட்டத்துக்கு வருகிறேன். பள்ளி மண்டபத்தில் நடந்தது. டீச்சரின் படத்துக்குச் சுற்றிலும் மின்னி மின்னி அணைகிற சீரியல் பல்புகள் போட்டிருந்தார்கள், கல்யாண வீடு தோற்றது. சிறப்பு விருந்தினர் வேறு யாருமில்லை, அந்தத் தேர்வாளரேதான். இப்போது கல்வித்துறையில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், செத்தவருக்கான கூட்டத்தில் உயிரோடு இருப்பவருக்குப் பொன்னாடை! அவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, குரல் தழுதழுக்க, ஒரு கதை சொன்னார். ஒரு ஏழைப் பெண் மின்னழுத்தம் குறைவாக இருப்பதைக் கண்டுபிடித்து எழுதினாளாம். அருள்மேரி டீச்சர் அவளுக்காக வாதாடினாராம். இவர் உடனே எழுந்து போய் மீட்டரைப் பார்த்து, வியந்து, முழு மதிப்பெண் கொடுத்தாராம். மண்டபம் கைதட்டியது. உண்மை தெரிந்த தலைமையாசிரியரும் தட்டினார். எனக்குப் பேச வாய்ப்பு உண்டு என்று சொல்லியிருந்தார்கள். எழுந்தேன். நேரமாகிவிட்டது சார் என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு பெண் முன்னால் நடந்து வந்தாள். ஆலைச் சீருடைச் சட்டை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் பிரிவில் வேலை பார்க்கிறாள் என்று பிறகு தெரிந்தது. யாரும் தடுப்பதற்குள் ஒலிபெருக்கியை வாங்கிவிட்டாள்.

"சார் சொன்ன பொண்ணு நான்தான். எனக்கு முழு மார்க்கு யாரும் போடல. சார் மீட்டரப் பாக்க எந்திரிக்கவும் இல்ல" என்றாள். குரலில் சண்டை இல்லை, சாதாரணமாகச் சொன்னாள். "மிஸ் எனக்காக வாதாடுனாக, அது நெசம். அப்புறம் மாத்தி எழுதச் சொன்னாக, அதுவும் நெசம். நான் எழுதல. சீட்டு கெடைக்கல. ஒரு வருசம் பூவெடுத்தேன்."

பின்னணியில் மெல்ல ஓடிக்கொண்டிருந்த சோகப் பாட்டை யாரோ அணைத்தார்கள். தேர்வாளர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிசல்ட்டு வந்த மறுநாளு விடியக்காலம் மிஸ் நாங்க பூவெடுக்கிற தோட்டத்துக்கு வந்தாக. பஸ்ஸு கெடையாது, நடந்தே வந்திருக்காக. எங்க அம்மா, கூலியாளுக, தோட்டக்காரரு எல்லாரும் நிக்கிறாக. அம்புட்டுப் பேரு முன்னாடியும் என் கையப் புடிச்சுக்கிட்டு, 'தப்பு எம்மேலதான் பாண்டி, என்னைய மன்னிச்சிரு'ன்னாக. நான் மன்னிச்சேன்னு சொல்லல, கோவத்துல இருந்தேன். 'வேலையப் பாக்கணும், போங்க மிஸ்'னு சொல்லிட்டேன். அவுக போகல. பூக்கூடைய வாங்கி வெயிலேறுற வரைக்கும் என்கூட எடுத்தாக. அடுத்த வருசம், பாலிடெக்னிக்குல மொத வருசத்துலயே சேந்துக்கிறதுக்கு அப்ளிகேசன் வாங்கிட்டு மறுபடி வந்தாக. அப்பத்தான் பேசுனேன்."

அவள் ஒலிபெருக்கியை மேசை மேல் வைத்துவிட்டு, படத்துக்கு முன்னால் குனிந்து அந்தச் சீரியல் பல்புகளின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனாள். யாரும் கைதட்டவில்லை. நன்றியுரை சொல்ல வேண்டியவர் தேசிய கீதத்தை ஆரம்பித்துவிட்டார்.

டீச்சரைப் பற்றிய பேச்சுகளில் அவரை ஒரு புனிதையாக்கி மேலே தூக்கி வைக்கிறார்கள். அது அவர்களுக்கு வசதி, புனிதையைப் போல யாரும் நடக்க வேண்டியதில்லை அல்லவா? எனக்கு அந்தப் புனிதை வேண்டாம். ஒரு நாள் எங்களைப் போலவே வளைந்து, அதற்காகத் தன்மேலேயே குமட்டி, கூலியாட்கள் முன்னிலையில் ஒரு மாணவியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்ட பெண்ணை நான் வைத்துக்கொள்கிறேன். என் இத்தனை வருட வேலையில், பிள்ளையிடம் அப்படிக் கேட்ட வேறொரு வாத்தியாரை நான் கண்டதில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு பாண்டிச்செல்வியின் முகவரியை விசாரித்து வாங்கினேன். அவள் தாளை உறையிலிட்டு ஒட்டியவன் என்ற முறையில் வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே போகிறேன்.